உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்ன வயசு? வட ஆற்காட்டுக் கிராமப் பள்ளிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தம் பக்கத்தில் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் கதையை எழுதலாம் என்று நாங்கள் நாலைந்து பேர் கிளம்பினோம். பழைய மாணவர்கள்தான், வேறு தகுதி எதுவும் கிடையாது. ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தது மூன்று வருஷம் இழுத்தது. அதற்குப் பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் பள்ளியைப் பற்றி எங்களிடம் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்ட கேள்விகளே திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்கள் பள்ளிக் கல்வெட்டில் 1962 என்று இருக்கிறது. ஆனால் 1930களிலேயே அங்கே படித்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எது சரி?

அநேகமாக இரண்டுமே சரி. கல்வெட்டு கட்டடத்தின் வயதைச் சொல்கிறது, பெரியவர்கள் பள்ளியின் வயதைச் சொன்னார்கள். நம் பக்கத்துக் கிராமப் பள்ளிகள் பலவும் கட்டடம் இல்லாமல் பிறந்தவை. கோயில் மண்டபம், சாவடி, யாராவது ஒரு பெரிய வீட்டுத் திண்ணை, புளியமரத்தடி என்று ஓடிக்கொண்டிருந்தன. பிறகு கூரைக் கொட்டகை, அதன்பின் ஓட்டுக் கட்டடம், கடைசியாகத் தளம் போட்ட வகுப்பறை. கல்வெட்டு வைக்கும் அளவுக்குச் சுவர் எழும்பியது கடைசியில்தான்.

கல்வெட்டைவிட நம்பகமானது சேர்க்கைப் பதிவேடு. உங்களிடம் இருப்பதில் மிகப் பழைய பதிவேட்டைத் திறந்து முதல் வரியின் சேர்க்கை எண்ணைப் பாருங்கள். எண் 1 என்றால் தொடக்கத்தைப் பிடித்துவிட்டீர்கள் (பதிவேடு மாறும்போது எண்ணைப் புதிதாகத் தொடங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு). எங்களுடையதில் முதல் வரியே 413. அப்படியானால் அதற்கு முன் 412 பிள்ளைகள் சேர்ந்த ஒரு பதிவேடு இருந்து தொலைந்திருக்கிறது. வருஷத்துக்கு இருபது பேர் என்று வைத்தால் இருபது வருஷம் பின்னால் போகலாம். உத்தேசக் கணக்குதான். ஆனாலும் கல்வெட்டைக் காட்டி "இதுதான் பிறந்த தேதி" என்று விழா எடுப்பதைவிட நேர்மையானது.

அதற்கும் முன்னால் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்ததாமே? நிஜமாகவே இருந்ததா, பழம்பெருமைப் பேச்சா?

நிஜமாகவே இருந்தது. சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, 1822இல் எல்லா கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். வட ஆற்காட்டிலிருந்தும் கணக்குப் போனது. எல்லாவற்றையும் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று இருக்கிறது. ஜனத்தொகையோ ஒரு கோடியே 28 லட்சத்துச் சொச்சம். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி.

இந்தக் கணக்கைத் தூக்கிப் பிடித்து "வெள்ளைக்காரன் வருவதற்கு முன் எல்லோரும் படித்திருந்தோம்" என்று பேசுபவர்கள் உண்டு. அதே கணக்கில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் பேச்சு அடங்கிவிடும். திண்ணை யாருடைய திண்ணை, அதில் யார் ஏற முடியும் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

என்ன படித்தார்கள்? மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி, பிறகு ஓலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி எல்லாம் மனப்பாடம். கணக்குதான் கடினம். எண்சுவடியை ராகம் போட்டுச் சொல்ல வேண்டும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். எங்கள் ஊரில் எழுபதைத் தாண்டிய ஒரு விவசாயி, அவருடைய தாத்தா சொல்லிக்கொடுத்தபடி இதை மூச்சு விடாமல் ஒப்பித்தார். நிலம் அளக்கவும் நெல் பங்கு போடவும் இது போதும், காலேஜ் வேண்டாம் என்றார். அவருடைய பேரன் பொறியியல் படிக்கிறான் என்பது வேறு விஷயம்.

வாத்தியாருக்குச் சம்பளம் என்று தனியாகக் கிடையாது. கேழ்வரகு, நெல், நவராத்திரியில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிப் போய் வாங்கி வரும் காசு, துணி. தண்டனை மட்டும் தாராளம். பெல்லாரி கலெக்டர் 1823இல் எழுதிய அறிக்கையில் ஒரு வழக்கம் வருகிறது. காலையில் முதலில் வந்தவன் உள்ளங்கையில் மரியாதையாகச் சரஸ்வதி பெயர், இரண்டாவதாக வந்தவனுக்குப் பூச்சியம், மூன்றாமவனிலிருந்து பிரம்பு. பிந்தப் பிந்த அடி ஏறும். நம் பக்கத்தில் கோதண்டம் என்ற சொல்லை வயதானவர்கள் இன்னும் மறக்கவில்லை. உத்தரத்தில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பையன் தொங்க வேண்டும்.

நம் ஊர்களில் இன்னொன்றும் உண்டு. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. பாரதத்தைத் தானே படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுத்துக் கற்ற பெரியவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். எங்கள் ஊர்த் திண்ணை வாத்தியாரும் கூத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவரும் ஒரே ஆள்தான். கூத்து நடக்கும் பத்து நாளும் பள்ளிக்கூடம் தூங்கிக்கொண்டிருக்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

சட்டாம்பிள்ளை வைக்கும் முறை இங்கிலீஷ்காரன் கொண்டுவந்ததா?

தலைகீழ். சென்னையில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் விடுதியில் புகுத்தினார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து வளர்த்து, 1797இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அங்கே அது பெயர் வாங்கியது.

தாத்தா 'போர்டு ஸ்கூல்' என்கிறார், சான்றிதழில் 'ஊராட்சி ஒன்றியப் பள்ளி' என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

ஒரே பள்ளிதான், எஜமானர் மாறியிருக்கிறார். பெயர்ப்பலகையை வைத்தே காலத்தைச் சொல்லிவிடலாம்.

ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று உள்ளூர் ஆட்சி அமைப்புகள் 1884ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு வந்தன. அவை நடத்தியவை போர்டு பள்ளிகள். தனியார் நடத்தி அரசு மானியம் வாங்கியவை 'எய்டட்' பள்ளிகள். திண்ணைப் பள்ளிகள் பல இந்த மானியத்துக்காகவே முறையான பள்ளியாக மாறின. ஒரு காலத்தில் இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதித்து, தேறியவர் எண்ணிக்கைக்குத் தகுந்தாற்போல் மானியம் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை இரவல் வாங்கி உட்காரவைத்த கதைகள் அப்படிப் பிறந்தவை.

1958ஆம் வருஷப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஊராட்சி ஒன்றியங்கள் வந்து தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டன. ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனது 1981 ஜூன் 1ஆம் தேதி, எம்.ஜி.ஆர். ஆட்சியில். ஓய்வுபெற்ற எந்த ஆசிரியரைக் கேட்டாலும் அந்தத் தேதியைத் தன் கல்யாணத் தேதி மாதிரிச் சொல்வார். பலகையில் 'ஊராட்சி ஒன்றிய' மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

எங்கள் ஊர் சின்ன ஊர். ஊருக்குள் ஒரு பள்ளி, காலனியில் ஒரு பள்ளி. ஏன் இரண்டு?

இந்தக் கேள்வியை யாரும் கூட்டத்தில் கேட்பதில்லை. கூட்டம் முடிந்த பிறகு தனியாக வந்து கேட்கிறார்கள். என் கணக்கில் ஊர்ப் பள்ளி வரலாற்றின் மையமே இதுதான்.

போர்டு பள்ளி சட்டப்படி எல்லோருக்கும் பொது. ஆனால் அது நடந்த இடம் கோயில் மண்டபம், ஊர்ச் சாவடி, மேல்சாதிக்காரர் வீட்டுத் திண்ணை. சேரிப் பிள்ளை அந்தத் தெருவில் கால் வைக்கவே முடியாதபோது, பள்ளி பொது என்று சட்டம் சொல்லி என்ன ஆகும்? அப்படியே நுழைந்தாலும் தாழ்வாரத்துக்கு வெளியே தனியாக உட்கார வேண்டும்.

அந்த இடைவெளியில் வந்தவை இரண்டு. ஒன்று மிஷன் பள்ளிகள். நம் பகுதியில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் முக்கியமானது. ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் 1853இல் தொடங்கியது, வேலூர் ஊரீஸ் கல்லூரி இவர்கள் வழி வந்ததுதான். இந்த மிஷன் சேரிகளில் நடத்திய பள்ளிகள் பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிகள். பகலில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடம், இரண்டுக்கும் அதே வாத்தியார்.

இன்னொன்று 'லேபர் ஸ்கூல்'. பேரைக் கேட்டுத் தொழிலாளர் சங்கப் பள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். 1920ஐ ஒட்டி, தாழ்த்தப்பட்டோர் நலப் பொறுப்பைச் சென்னை அரசு லேபர் கமிஷனரிடம் ஒப்படைத்தது. அவருடைய இலாகா திறந்த பள்ளி லேபர் பள்ளி. சுதந்திரத்துக்குப் பிறகு அரிஜன நலப் பள்ளி ஆகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளியாக இருக்கிறது. பதிவேட்டின் சாதிக் கட்டத்திலும் இந்தக் காலம் தெரியும். 'பறையர்', 'பஞ்சமர்' என்ற பெயர்களுக்குப் பதில் 'ஆதிதிராவிடர்' என்றே எழுத வேண்டும் என்று 1922இல் அரசாணை வந்தது. பழைய சொல்லை அடித்துவிட்டுப் புதிய சொல்லை எழுதிய கையெழுத்தை ஒரு பதிவேட்டில் பார்த்தேன். அடித்த கோடு மெல்லியது, அடியிலிருந்த சொல் தெளிவாகவே தெரிந்தது.

ஆக, உங்கள் ஊரில் இரண்டு பள்ளி இருந்தால் இரண்டின் கதையையும் எழுதுங்கள். ஊர்ப் பள்ளிக்கு மட்டும் மலர் போட்டு நூற்றாண்டு விழா எடுப்பது பாதிக் கதை. எங்கள் முதல் வரைவில் நாங்களும் அந்தத் தப்பைச் செய்தோம். காலனியிலிருந்து ஒருவர் வந்து, "அப்போ நாங்கெல்லாம் எங்க படிச்சோம்னு எழுதலையா சார்?" என்று கேட்டார். மூன்று வருஷம் இழுத்ததற்கு முக்கியக் காரணம் அந்த ஒரு கேள்வி.

எங்கள் பள்ளி காமராஜர் திறந்தது என்கிறார்கள். நம்பலாமா?

காமராஜரே நேரில் வந்து திறந்தாரா என்றால், ஆதாரம் கையில் கிடைக்கும்வரை எழுதாதீர்கள். காமராஜர் காலத்தில் வந்ததா என்றால், நிறைய ஊர்களுக்கு ஆமாம். 1954 ஏப்ரலில் முதலமைச்சரானபோது அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. அந்த வருஷமே இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது நம் குடியாத்தத்தில்தான். அதனால் இந்தப் பக்கத்தில் எல்லா நல்ல காரியத்தையும் அவர் கணக்கில் எழுதும் வழக்கம் கொஞ்சம் கூடுதல். ஒரு மைல் நடைக்குள் ஒரு தொடக்கப் பள்ளி என்ற குறிக்கோளோடு பள்ளியில்லா ஊர்களில் ஓராசிரியர் பள்ளிகள் திறக்கப்பட்டது அவர் ஆட்சியில். பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களே மேசை, நாற்காலி, கடிகாரம், இடம் என்று கொடுத்தார்கள். உங்கள் பள்ளி பீரோவிலோ சுவர்க் கடிகாரத்திலோ யாராவது 'அன்பளிப்பு' என்று பெயின்டில் எழுதியிருந்தால் ஆண்டைக் கவனியுங்கள்.

1953இல் அரை நாள் பள்ளி நடந்ததாமே?

நடந்தது. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு வேளை மட்டும் வகுப்பு, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கவனிக்கட்டும் என்று திட்டம் வந்தது. குலக்கல்வி என்று கடும் எதிர்ப்பு. காமராஜர் வந்ததும் 1954 மே மாதம் கைவிடப்பட்டது. ஓராண்டுக்குள் முடிந்த கதை என்பதால் பதிவேடுகளில் தடயம் குறைவு.

மதிய உணவு எங்கள் பள்ளிக்கு எப்போது வந்திருக்கும்?

காமராஜரின் திட்டம் 1956இல் தொடங்கியது. அரசு ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு. வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்த ஊர்கள் இருந்தன. 1961 முதல் அமெரிக்காவின் 'கேர்' நிறுவனத்தின் உதவி வந்தது. மஞ்சள் ரவை உப்புமாவையும் பால் பவுடரையும் எங்கள் அப்பா தலைமுறை இன்னும் பேசுகிறது, பாதி ஆசையோடு, பாதி முகச்சுளிப்போடு. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1இல். அப்போதுதான் பெரும்பாலான பள்ளிகளுக்குத் தனிச் சமையல்கூடமும் சத்துணவு ஆயாவும் வந்தார்கள். காலை உணவு 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சமையல்கூடம் கட்டிய ஆண்டையும் வரலாற்றில் சேருங்கள். யார் சமைத்தார், அதை யார் யார் சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள், காலனிப் பள்ளிக் கேள்வி இன்னொரு முறை வந்து நிற்கும்.

பழைய பதிவேட்டில் பாதிப் பேர் மே, ஜூன் மாதத்தில் பிறந்திருக்கிறார்கள். எப்படி?

பிறந்தது எப்போதோ, தேதி வைத்தது பெரிய சார். ஜூனில் பள்ளி திறக்கும். அப்பா பையனைத் தரதரவென்று இழுத்து வருவார். "எப்ப பொறந்தான்?" "ஏரி ஒடைஞ்ச வருசம் சார்." வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் அடுத்த வருஷம். தொட்டவனுக்கு, சேரும் நாளில் ஐந்து முடிந்திருக்கும்படி பின்னோக்கி எண்ணி ஒரு தேதி. எங்கள் பதிவேட்டில் ஒரே நாளில் சேர்ந்த ஏழு பேருக்கு ஒரே பிறந்தநாள். ஏழு பேரும் பிறகு அரசு வேலைக்குப் போயிருந்தால் ஒரே நாளில் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

'மூணாவது பாரம்', 'இ.எஸ்.எல்.சி.' என்றால்?

ஐந்தாவதுக்குப் பிறகு ஆறாம் வகுப்பை முதல் பாரம் என்று எண்ணினார்கள். மூன்றாவது பாரம் எட்டாம் வகுப்பு, ஆறாவது பாரம் எஸ்.எஸ்.எல்.சி. எட்டாவது முடிவில் நடந்த பொதுத் தேர்வு இ.எஸ்.எல்.சி. அதைத் தேறினாலே வாத்தியார் பயிற்சிக்குப் போகலாம் என்ற காலம் இருந்தது. 1978இல் பிளஸ் ஒன் வந்ததும் பழைய பதினோரு வருஷக் கணக்கு போனது.

பக்கத்து ஊரில் தெலுங்குப் பள்ளி, டவுனில் உருதுப் பள்ளி. ஏன்?

வட ஆற்காடு எப்போதுமே ஒரே மொழி ஜில்லாவாக இருந்ததில்லை. காட்பாடி, குடியாத்தம் எல்லையோரம் வீட்டில் தெலுங்கு, ரோட்டில் தமிழ். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் உருது. அந்தந்த மொழியில் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் அங்கே வந்தது இயல்பு. ஜவ்வாது மலை தனிக்கதை. அங்கே பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும், வனத்துறையே நடத்தும் பள்ளிகளும் உண்டு.

பழைய ஆவணத்தில் எங்கள் ஊர் எந்த ஜில்லாவில் இருக்கும்?

இது தெரியாமல் நாங்கள் இரண்டு மாதம் வீணாக்கினோம். 1911 வரை வட ஆற்காட்டின் தலைமையிடம் சித்தூர். அந்த வருஷம் சித்தூர் தனி ஜில்லா ஆனபோதுதான் வேலூர் தலைநகரானது. அப்போதே திருப்பத்தூர் தாலுகா சேலத்திலிருந்து வட ஆற்காட்டுக்கு வந்தது. ஆகவே வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கத்துப் பள்ளியை 1911க்கு முன் தேடினால் சேலம் ஜில்லாத் தாளில்தான் கிடைக்கும். ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி அன்று வட ஆற்காடு, பிறகு சித்தூர், 1960இல்தான் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. உங்கள் பள்ளி இருந்த இடத்திலேயே இருக்க, ஜில்லா மட்டும் அதைச் சுற்றி நகர்ந்துகொண்டிருக்கும்.

ஆவணங்களை எங்கே தேடுவது?

முதலில் தலைமை ஆசிரியர் அறை பீரோ. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, இன்ஸ்பெக்டர் குறிப்பு எழுதும் லாக் புக், பார்வையாளர் புத்தகம். அடுத்தது வட்டாரக் கல்வி அலுவலகம். அதற்கு மேல் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். ஜில்லாவின் பொது நிலவரத்துக்கு காக்ஸ் 1881இல் எழுதி, பிறகு ஸ்டுவர்ட் திருத்திய வட ஆற்காடு மானுவல் உதவும். அதில் உங்கள் ஊர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அவசரப்படுங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிச் சுவர் இடிந்து மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடித்தார்கள். இடித்தது சரிதான், பிள்ளைகள் உயிர் முக்கியம். ஆனால் இடிக்கும் முன் உள்ளே இருந்த காகிதங்களை எடுத்து வைக்க எல்லா இடத்திலும் ஆள் இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் நாங்கள் போய்ச் சேர்ந்தது இரண்டு வாரம் தாமதம். மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தார்கள். அவரைத் தேடிப் பிடித்தோம், கரைத்துவிட்டதாகச் சொன்னார். எங்கள் சொந்தப் பதிவேட்டிலோ கரையான் நடுவில் நாற்பது பக்கத்தைத் தின்றிருந்தது.

கிடைத்தால் முதல் வேலை, செல்போனில் பக்கம் பக்கமாகப் படம். சாயங்கால வெயிலில், வெளியே வைத்து எடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் மங்கின மை தெரியாது. ஒன்று மட்டும்: சாதிக் கட்டத்தையும் உயிரோடு இருப்பவர்கள் விவரத்தையும் அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். ஒரு ஊரில் அது சண்டையில் முடிந்தது.

நிறையப் பேர் மூணாவது, நாலாவதோடு நின்றிருக்கிறார்கள். காரணம் பதிவேட்டில் இருக்குமா?

இருக்கும், நம்பாதீர்கள். 'நீங்கிய காரணம்' என்ற கட்டத்தில் 'தொடர்ந்து வரவில்லை', 'பெற்றோர் விருப்பம்' என்று இரண்டே பதில்கள்தான் மாறி மாறி வரும். அசல் காரணம் வீட்டில் இருந்தது. குடியாத்தம் பக்கம் பீடியும் தீப்பெட்டியும். முன்பணம் வாங்கிய குடும்பத்தில் பிள்ளைகள் கையும் கடனில் சேர்ந்தது. எட்டு வயதில் பீடி முனை மடிக்கக் கற்ற விரல் பல்பத்தை மறந்துவிடும். பிறகு குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பள்ளிகள் வந்து, பலரைத் திரும்பப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள்.

பள்ளியில் சேர்ந்த முதல் பெண் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பதைத் தவிர வழியில்லை. நாங்கள் வாசித்தோம். கையில் உள்ள பதிவேட்டில் முதல் பெண் பெயர் 1941இல் வருகிறது, அடுத்த பெயருக்கு ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். 1949இல் எங்கள் ஆயா பெயர் இருந்தது. தான் பள்ளிக்கூடம் போனதாக அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் எப்போதும் கைநாட்டுதான் வைப்பார். ஒன்றாம் வகுப்பு, சேர்ந்தது ஜூன், நீங்கியது அடுத்த ஜனவரி, காரணம்: 'தொடர்ந்து வரவில்லை'. படத்தைப் பெரிதாக்கி அத்தையிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தத் தையில்தான் பெரிய மாமா பொறந்திருப்பாரு, ஆயாவோட தம்பி. தூக்கி வெச்சுக்க ஆள் வேணும் இல்ல?" என்றார்.